பாலித் தீவில் ஒரு போணி!

வெளிநாடு போகிறவர்கள் அதை யாரிடமும் சொல்லக்கூடாது. நான் சொல்லிவிட்டேன். அதுவும் ஆபீஸில், மதியம் ஒன்றேகால் மணிக்கு, எல்லா டிபன் பாக்ஸும் திறந்திருக்கும் நேரத்தில்!

அடுத்த அரை மணியில் லிஸ்ட் தயார். டெஸ்பாட்ச் மேடம், 'ஒரு மரச்சிற்பம், சின்னதா இருந்தா போதும்' என்றார். அக்கவுண்ட்ஸ் பெரியவர், 'ஒரு கீ செயின் போதும்ப்பா... வீணா செலவு பண்ணாதே' என்றார். (இப்படிச் சொல்கிறவர்கள்தான் நாம் திரும்பி வந்ததும் முதல் ஆளாக நம் சீட்டுக்கு வருவார்கள்.) மேனேஜர், 'எனக்கு எதுவும் வேண்டாம். அப்புறம் உங்க இஷ்டம்' என்றார். அந்த 'உங்க இஷ்ட'த்தின் அர்த்தம் இன்க்ரிமென்ட் சமயத்தில்தான் தெரியும்.

வீட்டில் தங்கை வெள்ளித் தோடு கேட்டாள். அம்மா எதுவும் கேட்கவில்லை. யார் கல்யாணத்திலோ தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுத்த மஞ்சள் பையை மடித்து சூட்கேஸில் வைத்தாள். 'ஃபாரின்ல எல்லாம் கடையிலயே பை குடுப்பாங்கம்மா' என்று சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, பாலியில் 2019 முதல் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்று. அம்மா உலக அறிவு என்பது வேறு விஷயம் சார்!

அப்பா மட்டும், 'எனக்கென்னடா வேணும்? பத்திரமா போயிட்டு வா' என்றார்.

2024 ஜூன் மாதம். நானும் ஆபீஸ் கேஷியர் நண்பனும் கோலாலம்பூர் வழியாக பாலிக்குப் பறந்தோம். விமானம் முழுக்கப் புதுசாகக் கல்யாணமான ஜோடிகள். மருதாணி காயாத கைகள். நடுவில் நாங்கள் இரண்டு தடியர்கள், ஒரே ஆர்ம்ரெஸ்ட்டுக்குச் சண்டை போட்டபடி.

டென்பசார் ஏர்போர்ட்டில் இறங்கிய உடனே நாங்கள் லட்சாதிபதிகள். நம் ஒரு ரூபாய்க்கு அப்போது சுமார் 195 ரூப்பியா. விசாவுக்கு ஐந்து லட்சம், 2024 பிப்ரவரியில் ஆரம்பித்த சுற்றுலா வரி ஒன்றரை லட்சம் என்று சொன்னபோது எனக்கு மயக்கம் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து மூவாயிரத்துச் சொச்சம்தான். இந்த மூன்று பூஜ்யங்கள் இருக்கின்றனவே, அவைதான் பாலியின் நிஜமான மந்திரவாதிகள். பெரியதைச் சின்னதாகக் காட்டும்; சின்னதைப் பெரியதாகக் காட்டும். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் பலி கேஷியர். கூட்டா கடற்கரைப் பக்கம் ஒரு சந்தில், டி ஷர்ட்டுகள் தொங்கும் கடைக்குள் ஒரு டாலர் மாற்றும் மேஜை. மற்ற இடங்களில் டாலருக்கு 16,300 என்றால் இங்கே போர்டில் 16,800. 'கமிஷன் கிடையாது' என்று வேறு. 'மாப்ள, நாம பார்க்காத நோட்டா?' என்று நண்பன் இருநூறு டாலரை நீட்டினான். கடைக்காரர் இருபதாயிரம் ரூப்பியா நோட்டுகளாக அடுக்கினார். நண்பன் எண்ணினான். சரியாக இருந்தது. கடைக்காரர், 'ஒரு நிமிஷம்' என்று வாங்கி இன்னொரு தடவை எண்ணி, மேஜையில் தட்டிச் சரிசெய்து கொடுத்தார். ரூமுக்கு வந்து பார்த்தால் நான்கு லட்சம் குறைகிறது. நம் காசுக்கு இரண்டாயிரம் ரூபாய். அந்த 'ஒரு நிமிஷ'த்தில் நோட்டுகள் மேஜைக்குப் பின்னால் இறங்கிவிட்டன!

பதினொரு வருஷம் கேஷ் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. 'ஆபீஸ்ல சொல்லிடாதடா' என்றான். (நான் ஆபீஸில் சொல்லவில்லை. பத்திரிகையில்தான் எழுதுகிறேன்.) நீங்கள் போனால், பேங்க் இந்தோனேசியா அனுமதி முத்திரை போட்ட இடத்தில் மட்டும் மாற்றுங்கள். கடைசியாக எண்ணுவது நீங்களாக இருக்க வேண்டும். எண்ணிய பிறகு பெற்ற தாயே கேட்டாலும் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

மறுநாள் பர்ச்சேஸ் படலம். ஊருக்குப் போய் வருகிறவன் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் வாங்கி வருகிற சாமான்களுக்கு இந்தோனேசிய பாஷையில் தனி வார்த்தையே இருக்கிறது. 'ஒலே ஒலே'. அந்த ஊர்க்காரனும் வெறும் கையோடு வீடு திரும்ப முடியாது. இதற்கென்றே சூப்பர் மார்க்கெட் மாதிரி பெரிய கடைகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே பால் வைத்துச் செய்த குட்டி பை, வறுத்த கடலை, சோப்பு, டி ஷர்ட், சாவிக் கொத்து எல்லாம் ஃபிக்ஸட் பிரைஸ். பேரம் பேச வெட்கப்படுகிறவர்கள் நேராக அங்கே போய்விடலாம். அக்கவுண்ட்ஸ் பெரியவரின் கீ செயின் உட்பட ஆபீஸ் லிஸ்டில் பாதியை அங்கேயே முடித்தோம்.

இன்னொரு சாமான் எல்லாக் கடையிலும் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. மரத்தில் செதுக்கி, பூவெல்லாம் வரைந்த பாட்டில் ஓப்பனர். பார்க்க அழகுதான். ஆனால் வடிவத்தை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். எழுதாவிட்டாலும் உங்களுக்குப் புரியும். நண்பன் ஒன்றை எடுத்து, 'டெஸ்பாட்ச் மேடம் மரச்சிற்பம் கேட்டாங்கள்ல?' என்றான். சஸ்பெண்ட் ஆக எனக்கு ஆசையில்லை. மாஸ் என்ற மரச்சிற்ப கிராமத்துக்குப் போய் ஒரு சின்ன கருடன் வாங்கினேன்.

பக்கத்திலேயே செலுக். வெள்ளி வேலைக்குப் பெயர்போன கிராமம். நம் ஊர் பத்தர்கள் மாதிரி உட்கார்ந்து, அரிசி மணியை விடச் சின்ன வெள்ளி உருண்டைகளைத் தகட்டில் ஒட்டி ஒட்டி டிசைன் செய்கிறார்கள். தங்கைக்குத் தோடு அங்கேதான். '925' என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று அர்த்தம்.

மேனேஜருக்கு? வழியில் ஒரு காபித் தோட்டம். பத்து வகை காபி, டீ இலவசமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு கூண்டைக் காட்டினார்கள். உள்ளே நம் ஊர் மரநாய் மாதிரி ஒரு ஜீவன், பகல் வெளிச்சத்தில் சுருண்டு கிடந்தது. லுவாக்! அது காபிப் பழத்தைத் தின்னும். கொட்டை மட்டும் ஜீரணமாகாமல் பின்வழியாக வரும். அதைப் பொறுக்கிக் கழுவி, வறுத்து, அரைத்தால் உலகத்திலேயே காஸ்ட்லியான காபிகளில் ஒன்று! காட்டில் சுற்றுகிற மிருகத்தைக் கூண்டில் போட்டு, பழமாகத் திணித்துத்தான் இப்போது நிறைய இடத்தில் இதைத் தயாரிக்கிறார்கள். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு எனக்கு வாங்க மனசு வரவில்லை. நண்பனுக்கு வந்தது. 'மேனேஜருக்குப் பொருத்தமான காபி மாப்ள' என்று ஐம்பது கிராம் வாங்கிவிட்டான்.

இனி துணிக்கு வருகிறேன்.

பேரம் என்பது என் ரத்தத்தில் ஊறியது. எங்கப்பா இருபத்தெட்டு வருஷம் மதுரை விளக்குத்தூண் பக்கம் பிளாட்பாரத்தில் கைலி, துண்டு, ரெடிமேட் சட்டை விற்றவர். போதாததற்கு, சுமத்ராவில் பாருஸ் பக்கம் தமிழ் வணிகக் குழு 1088ல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி மூட்டை ஏற்றிப் போய் இந்தத் தீவுகளில் விற்ற கூட்டம் நாம். அவர்கள் பாஷையில் இன்றைக்கும் கடை என்றால் 'கெடாய்'. கப்பல் என்றால் 'கப்பல்'. பெட்டி என்றால் 'பெத்தி'. கடை, கப்பல், பெட்டி மூன்றையும் கொடுத்தவனுக்குப் பேரம் பேசத் தெரியாதா?

டிரைவரிடம் நான்கு வார்த்தை கற்றுக்கொண்டேன். 'பெராப்பா' என்றால் என்ன விலை. 'பிசா குராங்' என்றால் குறைக்க முடியுமா. 'மூரா' என்றால் மலிவு. நான்காவதுதான் பிரம்மாஸ்திரம். 'மஹால்'. எங்கள் மதுரையில் மஹால் என்றால் திருமலை நாயக்கர் கட்டியது. இவர்களுக்கு மஹால் என்றால் விலை ஜாஸ்தி! நாயக்கர் மஹால் என்ன சல்லிசாகவா கட்டப்பட்டிருக்கும்? வார்த்தை பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் என் பிரம்மாஸ்திரம் முதலில் எடுபடாத இடம் ஒன்று உண்டு. பாலியின் கிழக்கே தெங்கனான் என்று ஒரு பழைய கிராமம். அங்கே 'கெரிங்சிங்' என்று ஒரு துணி நெய்கிறார்கள். பாவு நூல், ஊடை நூல் இரண்டையும் முன்னாலேயே கட்டிக் கட்டிச் சாயம் ஏற்றி, நெய்யும்போது இரண்டு டிசைனும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிற மாதிரி நெய்ய வேண்டும். நம் குஜராத் பட்டோலா மாதிரி. சிவப்புச் சாயம், நம் ஊர் நுணா ஜாதி மரத்தின் வேரிலிருந்து. ஒரு துணி முடிய வருஷக்கணக்கில் ஆகுமாம். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண்மணி விலை சொன்னார். மூன்று பூஜ்யத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். நானும் நண்பனும் 'மஹால்' என்று சொல்லக்கூட இல்லை. கோயிலில் நிற்கிற மாதிரி கை கட்டி நின்றுவிட்டு, தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம்.

அந்த அடக்கமெல்லாம் மறுநாள் காலை எட்டு மணி வரைதான்.

சுகாவதி மார்க்கெட். கூட்டாவிலிருந்து காரில் ஒரு மணி நேரம். கட்டடம் புதுசாக இருந்தாலும் உள்ளே நம் ஊர் தீபாவளி ஜவுளிக்கடை நெரிசலுக்கு ஏற்ற அடுக்கு. 'காலையில் சீக்கிரம் போங்கள், சல்லிசாகக் கிடைக்கும்' என்று கைடு புத்தகங்கள் சொல்லும் இடம். நாங்கள் போனபோது பாதிக் கடைகள்தான் திறந்திருந்தன. ஒரு மூலைக் கடையில் ஒரு பாட்டி. எழுபது இருக்கும். கடை முன்னால் தரையில், ஓலையில் முடைந்த சின்னத் தட்டில் பூவும் ஊதுபத்தியும் வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பாலியில் வீடு, கடை, கார் எல்லா இடத்திலும் தினம் இந்தப் படையல் உண்டு. மிதிக்காமல் தாண்டிப் போனோம்.

அடுக்கில் நீலமும் அரக்குமாக சாரோங் துணிகள். நம் கைலி மாதிரிதான், மூட்டாமல் இருக்கும். நான்கு எடுத்தேன்.

'பெராப்பா, இபு?' (இபு என்றால் அம்மா.)

பாட்டி கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார். ஒன்றுக்கு ஒன்றரை லட்சம்.

நான் கால்குலேட்டரை வாங்கித் தட்டினேன். முப்பதாயிரம்.

பாட்டி நெஞ்சில் கை வைத்து, 'பங்க்ருட்!' என்று சிரித்தார். திவால் என்று அர்த்தம். அதற்கு டிரைவர் தேவைப்படவில்லை. கால்குலேட்டர் இங்கும் அங்கும் கை மாறியது. ஒரு லட்சம். முப்பது. எழுபது. முப்பத்திரண்டு. ஐம்பது. 'மஹால்!' 'நோ மஹால், குட், குட்!' நாற்பது என்று வந்து நின்றது. நான் முப்பத்தைந்தில் நின்றேன். பாட்டி தலையாட்டினார். சிரிப்பு இல்லை.

இப்போது அடுத்த ஆயுதம். துணியை வைத்துவிட்டு நடப்பது. நண்பன் காதைக் கடித்தான். 'திரும்பிப் பார்க்காதே மாப்ள... கூப்பிடும் பாரு.' ஒன்று, இரண்டு, மூன்று... ஆறாவது அடியில் பின்னால் செருப்புச் சத்தம். 'ஓக்கே, ஓக்கே! மார்னிங் பிரைஸ்!'

வெற்றி! ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைக் கொடுத்தேன். பாட்டி துணிகளை மடித்து என் மஞ்சள் பையில் வைத்தார். பிறகு அந்த நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற துணி அடுக்குகள் மேலெல்லாம் மெதுவாகத் தட்டினார். 'லாரிஸ்... லாரிஸ்...' என்று முணுமுணுத்தார். ஒரு அடுக்கு விடாமல்.

கார் ஏறியதும் டிரைவரிடம் கேட்டேன். 'லாரிஸ்னா நல்லா விற்கணும்னு அர்த்தம் சார். அன்னிக்கு முதல் வியாபாரம். அந்தக் காசைத் தொட்டு வெச்சா நாள் முழுக்க ஓடும்னு நம்பிக்கை. முதல் ஆளைச் சும்மா அனுப்பமாட்டாங்க' என்றார்.

'நம்ம ஊர் போணி!' என்றான் நண்பன்.

நான் பேசவில்லை. எங்கேயோ சுருக்கென்றது. எதிர்வெயில் கண்ணில் பட்டதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணியில் ஊபுட் போய், ஏ.சி. காபி ஷாப்பில் உட்கார்ந்து, ஆளுக்கு நாற்பத்தைந்தாயிரத்துக்கு ஒரு காபி, அதன்மேல் வரி, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் கொடுத்துவிட்டு வந்தோம். அங்கே நான் 'மஹால்' என்று சொல்லவில்லை. மெனு கார்டிடம் யார் பேரம் பேசுவார்கள்?

ஊருக்கு வந்தாயிற்று. கருடன், தோடு, கீ செயின் எல்லாம் விநியோகம். மேனேஜர் லுவாக் காபியை வீட்டில் போட்டுக் குடித்துவிட்டு, மறுநாள் எங்களை ரூமுக்குக் கூப்பிட்டார். கால் நடுங்கியது. 'என்ன மணம்யா! எப்படித்தான் தயாரிக்கிறாங்களோ?' என்றார். நண்பன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், 'எல்லாம் இயற்கை முறையில சார்' என்றான்.

அப்பாவுக்கு நீலச் சாரோங். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கடையை மூடிப் பல வருஷம் ஆயிற்று. ஆனாலும் கை மறக்கவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியைத் தேய்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெளுத்திருந்தது.

'பிரிண்ட்டுதான். கை வேலை பத்திக்னா ரெண்டு பக்கமும் கலர் ஒண்ணா இருக்கும். ரேயான் துணி. நல்லா இருக்கு. எவ்வளவுடா?'

'ஒண்ணேகால்... இல்ல ஒன்றரை லட்சம் சொன்னாங்கப்பா. முப்பத்தஞ்சாயிரத்துக்கு முடிச்சேன். நம்ம காசுக்கு நூத்தி எண்பது!' என்றேன் பெருமையாக. கால்குலேட்டர் யுத்தத்தை முழுசாக நடித்துக் காட்டினேன். ஆறு அடி நடந்தது உட்பட. அம்மாவும் தங்கையும் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. 'எத்தனை மணிக்கு வாங்கினே?' என்றார்.

'காலைல எட்டு, எட்டரை இருக்கும்.'

'கடையில வேற ஆள் இருந்தாங்களா?'

'இல்லப்பா.'

'நோட்டை வாங்கி என்ன செஞ்சுச்சு அந்தம்மா?'

சொன்னேன். அப்பா துணியை மடிக்க ஆரம்பித்தார். கடையில் மடிக்கிற மாதிரி, முனை முனையாக.

எனக்கு எட்டு வயதில் பார்த்தது ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், காலையில், அப்பா பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தேன். முதல் ஆளாக பேன்ட், சட்டை இன் செய்த ஒரு ஆபீஸ் ஆசாமி. அறுபத்தைந்து ரூபாய் கொள்முதல் சட்டையை அறுபதுக்குக் கேட்டார். கொஞ்ச தூரம் நடந்தார். அப்பா கூப்பிட்டுக் கொடுத்தார். 'ஏம்ப்பா நஷ்டத்துக்குக் குடுத்தே?' என்றேன். 'போணிடா' என்று சொல்லி, அறுபது ரூபாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டார்.

'லாபம் இல்லாமலா குடுப்பாங்க?' என்றேன் இப்போது. என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

'என்கிட்டயும் எல்லாரும் அதைத்தாண்டா சொல்லிட்டுப் போனாங்க' என்றார் அப்பா. கோபமே இல்லை. 'ஒன்றரை லட்சம் சொன்னா பேரம் பேசத்தான் வேணும். அது தப்பே இல்ல. எனக்கே அப்படிப் பேசுறவனைத்தான் பிடிக்கும். நாற்பதுல அந்தம்மா சிரிக்கிறதை நிறுத்திச்சுனியே, அதோட நீயும் நிறுத்தியிருக்கணும்.'

நாற்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் ஐயாயிரம். நம் காசுக்கு இருபத்தாறு ரூபாய். முதலில் சொன்னேனே, மூன்று பூஜ்யம் என்று. ஐயாயிரம் என்று பார்க்கும்போது பெரிய தொகையாகத் தெரிந்தது. அதற்காகத்தான் ஆறு அடி நடந்தேன். இரண்டாயிரம் ரூபாயை ஏமாந்தபோது அந்தச் சந்துக்குத் திரும்பிப் போய்க் கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அப்பா அந்தச் சாரோங்கை மூட்டித் தைத்து, தினம் சாயங்காலம் கட்டிக்கொள்கிறார். 'துணி உழைக்குதுடா' என்கிறார். சாயமும் போகவில்லை.

கேஷியர் நண்பனுக்கு வருகிற தையில் கல்யாணம். ஹனிமூனுக்கு மறுபடி பாலியாம். (இந்தத் தடவையாவது ஆர்ம்ரெஸ்ட் சண்டை இருக்காது.) என் பர்ஸில் செலவழிக்காமல் மிஞ்சியிருந்த இருபதாயிரம் ரூப்பியா நோட்டு ஒன்றை அவனிடம் கொடுத்தேன். நான்கு துணிக்கு, ஐயாயிரம் வீதம். 'சுகாவதி மார்க்கெட், மூலைக் கடை, அந்தப் பாட்டி. காலையில முதல் ஆளாப் போகாதே. பத்து மணிக்கு மேல போய்க் குடு' என்றேன்.

நோட்டை இரண்டு தடவை எண்ணிவிட்டு வாங்கிக்கொண்டான். ஒரே ஒரு நோட்டுதான்!